லாரூ டாகெட் யாரையும் நம்பவில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் படகு நிறுவனத்தின் உரிமையாளர் டெல் ஆஷ்க்ராஃப்ட் அவர்களே, ஜெபத்தோடு இந்தக் கூட்டத்தைத் தொடங்கிவைத்த போதகர் அவர்களே, கிரீன் ரிவர் ஊரின் பெரியோர்களே, நாற்காலி போதாமல் கவிழ்த்துப்போட்ட படகுகளின் மேலும் டிரெய்லர்களின் மேலும் உட்கார்ந்திருக்கும் என் ஆற்றுத் தோழர்களே, தோழியர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஆரின் ப்ரூயிட். நாம் இழந்து நிற்கும் தலைமைப் படகோட்டி லாரூ டாகெட் அம்மையாரின் படகுக்குப் பின்னால் என் படகை ஓட்டிப் பிழைத்தவன் நான். பிழைத்தவன் என்ற சொல்லை யோசித்துத்தான் சொல்கிறேன். ஆற்றில் வேலை செய்யும் நாங்கள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இன்றும் எனக்கு அப்படித்தான் வாயில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரங்கல் கூட்டங்களில் மேடை ஏறுகிறவர்கள், இறந்தவர் எல்லோரையும் நம்பினார், எல்லோரிடமும் வெள்ளை மனதோடு பழகினார் என்று சொல்வது வழக்கம். லாரூ அக்காவைப் பற்றி நான் அப்படிச் சொன்னால் இந்தக் கொட்டகையே சிரிக்கும். அவர் யாரை நம்பினார்? எதை நம்பினார்? வானம் நிர்மலமாக இருந்தால், எங்கோ மலைக்குப் பின்னால் மழை கொட்டுகிறது என்று சந்தேகப்படுவார். ஆறு சத்தமில்லாமல் போனால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவார். நான் போட்ட முடிச்சை, என் கண் முன்னாலேயே அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார். "எனக்கு நல்லா நீச்சல் தெரியும்" என்று எந்தக் குடும்பத் தலைவராவது சொல்லிவிட்டால் போதும், அவருடைய லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை மூச்சு முட்டும் அளவுக்கு இழுத்து இறுக்குவார். கடைசி நாட்களில் மருத்துவமனையில் நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தபோது, "இது எனக்குத்தானா? பக்கத்துப் படுக்கைக்காரிக்கு இல்லையே?" என்று கேட்டார். நர்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அக்காவுக்குத்தான். ஆனாலும் அவள் போய்ப் பார்த்தாள் அல்லவா? அக்காவுக்கு வேண்டியது அதுதான்.

அந்தச் சந்தேகத்தைத்தான் இன்று நான் புகழ வந்திருக்கிறேன்.

ஆனால் நண்பர்களே, சந்தேகப்பட்டது அவர் மட்டும்தானா? இந்த ஊர் அவரைச் சந்தேகப்படவில்லையா? "லாரூ வீட்ல ஒரு பானை இருக்கு, ஆயிரம் வருஷத்துப் பானை" என்று உணவு விடுதியில் முணுமுணுத்தவர்கள் யார்? காப்பி குடிக்கிற சாக்கில் அவர் வீட்டுக்குப் போய் அலமாரிகளைக் கண்ணால் துழாவியவர்கள் யார்? ஒவ்வொரு வசந்தத்திலும், பயணக் காலம் தொடங்குமுன், அவர் தம் படகை எடுத்துக்கொண்டு ஊரில் யாரிடமும் சொல்லாமல் பள்ளத்தாக்குக்குள் போய்வந்தபோது, "மறுபடி தோண்டக் கெளம்பிட்டா" என்று சொன்னவர்கள் யார்? நான் பெயர் சொல்லப் போவதில்லை. அப்படிப் பேசிய சிலரும் இன்று பூங்கொத்தோடு வந்திருக்கிறீர்கள். வந்தது நல்லதே. நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அந்தப் பயணம் நடந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கோடை உச்சி. இரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. ஆஸ்குட் குடும்பம் பெரியது. தாத்தா, மகன், மருமகள், ஓயாமல் சண்டை போடும் மூன்று பிள்ளைகள். அவர்கள் என் படகில் வந்தார்கள். அக்காவின் படகில் கெண்டல் ரோர்க் என்பவரும் அவருடைய மகள் ஷெல்பியும். ஷெல்பிக்கு ஒன்பது வயது. பல் விழுந்த வாயோடு எல்லாக் கேள்வியும் கேட்பாள்.

ரோர்க் ஒரு பெரிய இரும்புத் தோட்டாப் பெட்டியோடு வந்தார். ராணுவம் கழித்துவிட்ட அந்தப் பெட்டிகள் தண்ணீர் புகாதவை. நாங்கள் எல்லோருமே சாமான் வைக்க வாங்குவோம். படகுத்துறையில் நான் அதைத் தூக்கப் போனேன். அவர் என் கையைத் தடுத்தார். மகளுக்குக் கேட்காத குரலில், "அதுல என் மனைவி இருக்கா. அஸ்தி. அவ ஆசைப்பட்ட ஆத்துல கரைக்கணும். பொண்ணு முன்னால இதப் பத்திப் பேசிடாதீங்க, தாங்க மாட்டா" என்றார்.

நான் தொப்பியைக் கழற்றினேன். ஆஸ்குட் தாத்தா சிலுவை போட்டுக்கொண்டார். அக்கா மட்டும் ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அந்தப் பெட்டியைப் படகின் பின்புறம் வைத்து, ரோர்க் கட்டிய கயிற்றின் மேல் தம்முடைய பட்டையைப் போட்டு இன்னொரு கட்டுக் கட்டினார்.

படகுகள் புறப்பட்டுச் செங்கல் நிற மதில்களுக்குள் நுழைந்த பிறகு, என் படகோடு ஒட்டிவந்து மெல்லச் சொன்னார்.

"ஆரின், அந்தாளு பொய் சொல்றான்."

"அக்கா, பாவம் அக்கா. பொண்டாட்டியப் பறிகொடுத்தவன்."

"கரையில ஷூ லேஸ் கட்டினான் பாத்தியா? அந்தப் பெட்டி மேல காலத் தூக்கி வெச்சுக் கட்டினான். பொண்டாட்டி மேல கால வெச்சு எவனாவது லேஸ் கட்டுவானாடா?"

"நெனப்பில்லாம வெச்சிருப்பான்."

"செத்து மாசம்கூட ஆகலன்னு சொல்றான். அதுக்குள்ள நெனப்பு போயிடுமா?"

துக்கத்தில் இருப்பவனை வேவு பார்க்கிறாரே என்று எனக்கு எரிச்சல்.

முதல் நாள் முகாமில், மாலை வெயில் மதில்களில் இருக்கும்போதே ரோர்க் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டு ஓடை ஒன்றுக்குள் நடந்துபோனார். கரைப்பதற்குச் சரியான இடம் தேடுவதாகச் சொன்னார். இருட்டுமுன் பெட்டியோடு திரும்பிவந்தார். "மனசு வரல" என்றார். ஆஸ்குட் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குக் கூடுதலாக இறைச்சி வைத்தார். இரண்டாம் நாளும் அப்படியே போனார். அப்படியே வந்தார். அன்று அவர் முழங்கால் இரண்டிலும் சாம்பல் நிறப் புழுதி அப்பியிருந்தது. எங்கள் ஆற்று மண் சிவப்பு. சாம்பல் நிறப் புழுதி எங்கே இருக்கும்? இந்தக் கொட்டகையில் உள்ள படகோட்டிகளுக்குத் தெரியும். பாறை இடுக்குகளில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் சோளம் சேமிக்கக் கட்டிய குதிர்களுக்குள் இருக்கும்.

அந்தக் குதிர்களைத் தொடுவது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். தொடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பானைக்கு, ஒரு கூடைக்கு, ரகசியமாகக் காத்திருக்கும் பணக்கார அலமாரிகள் எத்தனை? குழந்தையோடு குடும்பப் பயணம் வருகிற மனிதனை எந்தக் காவலர் சோதிப்பார்?

இவ்வளவும் அக்கா அன்றே சொன்னார். நான் நம்பினேனா? இல்லை. மூன்றாம் நாள் காலை, அப்பத்துக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தபோது ஷெல்பி ஒரு வரிக்கல்லைக் கொண்டுவந்து அக்காவிடம் காட்டினாள்.

"இது யாருக்குடி கண்ணு?" என்றார் அக்கா.

"அம்மாவுக்கு. ஞாயித்துக்கெழமை ஏர்போர்ட்டுக்கு வருவாங்க. அப்பத் தருவேன். அம்மாவுக்குப் படகுன்னா பயம், அதான் வரல."

அக்காவின் கை மாவுக்குள் நின்றது. "பத்திரமா வெச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றி இல்லை. பயம்தான் இருந்தது. ஏனென்றால் ரோர்க்கின் சட்டைக்கு அடியில் துப்பாக்கி இருப்பதை நாங்கள் இருவருமே பார்த்திருந்தோம். பாம்புக்கு என்று சொல்லியிருந்தார். அந்தப் பள்ளத்தாக்கில் சாலை கிடையாது. அந்தக் காலத்தில் எங்களிடம் தொலைபேசியும் கிடையாது. இரண்டு குடும்பம், நான்கு குழந்தைகள், துப்பாக்கியோடு ஒரு திருடன், முன்னால் இரண்டு நாள் ஆறு. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அக்கா அப்பம் சுட்டார். ரோர்க்குக்கும் வைத்தார். சிரித்துப் பேசினார்.

அன்று மத்தியானம் 'கோவேறு கழுதைத் தாடை' என்ற இடம் வந்தது. பாறைகளுக்கு நடுவே ஆறு நுரைத்துக்கொண்டு விழும் அந்தப் பாய்ச்சலைப் புதியவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், வீட்டுக் கூரையிலிருந்து தண்ணீரோடு சறுக்குவது போல என்று சொல்லலாம். அக்காவின் படகு முதலில் இறங்கியது. நான் மேலே, கரையோரம் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பாறைக்குப் பின்னால் தண்ணீர் குழிந்து சுழன்றது. படகின் பின்புறம் அதில் சிக்கிச் செங்குத்தாக எழுந்தது. ரோர்க்கின் கயிறு அறுந்தது. பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. ஷெல்பி இன்னொரு பக்கம் சரிந்தாள்.

நண்பர்களே, அந்த நொடியில் அந்த மனிதனின் இரண்டு கைகளும் மகளிடம் போயின. பெட்டியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளின் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு படகின் தரையில் விழுந்தார். பெட்டி போகவில்லை. அக்காவின் பட்டை அதைப் பிடித்துவைத்திருந்தது. படகு நிமிர்ந்து வெளியே வந்தது. துடுப்பைப் பிடித்தபடி அக்கா இதையெல்லாம் பார்த்திருக்கிறார்.

அன்று மாலை முகாமில் சாப்பாடு முடிந்ததும், "சார், தட்டு கழுவ ஒரு கை வேணும்" என்று ரோர்க்கைக் கூப்பிட்டார். குழந்தைகள் தூரத்தில் மணலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், அந்தப் பெட்டியில யாரு இருக்காங்க?"

"சொன்னேனே. என் மனைவி."

"அவங்க ஞாயித்துக்கெழமை ஏர்போர்ட்டுக்கு வர்றாங்கன்னு உங்க பொண்ணு சொல்றா. ரெண்டு பேர்ல யாரு சொல்றது நெசம்?"

அவர் தட்டைத் தண்ணீரில் விட்டார். "நீங்க என்ன போலீஸா?"

"போலீஸா இருந்தா பொண்ணு முன்னாலயே தொறந்திருப்பேன். அதான் தட்டு கழுவிட்டு இருக்கேன்."

"இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"எடுத்த எடத்துல வைக்கணும்."

"அது மேல எங்கயோ இருக்கு. இந்த ஆத்துல எதுத்துப் படகு போகுமா?"

"காலு இருக்குல்ல. காலைல வெளிச்சம் வந்ததும் நடப்போம்."

அவர் கை சட்டையின் ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றது. அக்கா இன்னொரு தட்டை எடுத்துச் சோப்புப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கையும் தொட்டிக்குள் வந்து தட்டைத் தேடியது.

ரோர்க் போன பிறகு நான் அக்காவிடம் சண்டை போட்டேன். "படகுத்துறைல காவலர் இருப்பார். பேசாம அவர்கிட்ட ஒப்படைச்சிடுவோம். எதுக்கு இந்தாளோட தனியா நடக்கணும்?"

"ஒப்படைச்சா பொண்ணு கண்ணு முன்னால விலங்கு மாட்டுவாங்க. அப்புறம் எந்தக் குதிர், எந்த ஓடைன்னு எழுதிக்குவாங்க. எழுதினத நாலு பேரு படிப்பாங்க. அதுல ஒருத்தன் வருவான். எனக்கு அந்த ஒருத்தன் மேல சந்தேகம்."

"இந்தாளு மேல இல்லையா?"

"நெறையா இருக்கு. ஆனா இன்னைக்கு அவன் கை எங்க போச்சுன்னு பாத்தேன். அந்த அளவுக்குத்தான் நம்புறேன். அதுக்கு மேல ஒரு துளி இல்ல."

மறுநாள் காலை இருவரும் புறப்பட்டார்கள். ரோர்க் தோளில் பெட்டி. அக்கா கையில் தண்ணீர்க்குடுவைகள். ஓய்வு நாள் என்று நான் மற்றவர்களிடம் சொன்னேன். ஆஸ்குட் தாத்தா நம்பவில்லை. "ஓய்வு நாள் திட்டத்துலயே இல்லையே. அவரும் அந்தம்மாவும் பெட்டியத் தூக்கிட்டு எங்க போறாங்க?" என்று கேட்டார். அஸ்தி கரைக்க என்றேன். "அதுக்கு அந்தம்மா எதுக்கு?" என்றார். நான் பாத்திரம் துலக்கப் போய்விட்டேன். வெயில் ஏறியது. பாறை சுட்டது. ஷெல்பி கரையில் அணை கட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அப்பா எப்ப வருவார் என்று ஒருமுறைதான் கேட்டாள். நான் ஆற்றின் மேல்பக்கத்துத் திருப்பத்தையே பார்த்தேன். ஒருவர் வருவாரா, இருவர் வருவார்களா, ஒருவர்தான் என்றால் அது யார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நிழல் ஆற்றைத் தாண்டிய பிறகு இருவர் வந்தார்கள். பெட்டி இல்லை. உதடு வெடித்து, முகம் கருத்து வந்தார்கள். ரோர்க் நேராகப் போய் மகளின் அணைக்குப் பக்கத்தில் தண்ணீரில் உட்கார்ந்தார். அக்கா என்னைத் தாண்டிப் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

அதன்பின் நடந்தது ஊருக்குத் தெரியும். ஆஸ்குட் தாத்தா படகுத்துறையில் காவலர்களிடம் எல்லாவற்றையும் சொன்னார். பெட்டி போனது, வரவில்லை, படகோட்டி கூடவே போனாள். காவலர்கள் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை. குற்றம் சாட்ட ஆதாரமில்லை. நம்பவும் ஆளில்லை. டெல் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆண்டு மீதிக் காலம் முழுதும் அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கி, ரப்பர் படகுகளுக்குக் காற்றடிக்கும் வேலைக்கு வைத்தீர்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னாரா? ஒருநாள் நானே கேட்டேன். "அக்கா, எந்த எடம்னு எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா? உன் பக்கம் நின்னு பேசுவேனே." அவர் பம்ப்பை நிறுத்தாமல் சொன்னார்: "உன்மேலயும் எனக்கு நம்பிக்கை இல்ல ஆரின். ரெண்டு பீர் குடிச்சா பேசுவ." வலித்தது. ஆனால் உண்மை. இரண்டு பீருக்கு நான் என்ன பேசுவேன் என்று இங்கே பலருக்குத் தெரியும்.

இத்தனையும் மேடையில் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். இதைச் சொல்லச் சொன்னவர் முன் வரிசையில் இருக்கிறார். அவர்தான் ஷெல்பி. ரோர்க் சென்ற ஆண்டு இறந்துபோனார். இறப்பதற்கு முன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஷெல்பி அக்காவைத் தேடி மருத்துவமனைக்கு வந்தார். பிறகு என்னிடம் வந்தார். "எங்கப்பா பேரைச் சொல்லியே சொல்லுங்க. அவங்க பேரு இவ்வளவு நாள் எங்களுக்காகக் கெட்டுக் கெடந்துச்சு" என்றார்.

அவர் சொன்னதைச் சொல்கிறேன். அன்று பாதி வழியில் ஒரு பாறை நிழலில் ரோர்க் பெட்டியை இறக்கி வைத்திருக்கிறார். துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நான் இப்படியே மேல ஏறிப் போயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்றிருக்கிறார்.

அக்கா தண்ணீரைக் குடித்துவிட்டு அவரிடம் குடுவையை நீட்டியிருக்கிறார். "திரும்பிப் போய் சமைப்பேன். உங்க பொண்ணு கேப்பா, அப்பா எங்கன்னு. நான் என்ன சொல்லட்டும்? நீங்களே ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க. நான் அப்படியே சொல்லிடறேன்."

அந்தப் பதிலை ரோர்க் வெகுநேரம் தேடியிருக்கிறார். வாழ்நாள் முழுதும் தேடியதாக மகளிடம் சொன்னாராம். கிடைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பெட்டிக்குள் ஒரு பானை இருந்தது. அதற்குள் காய்ந்த சோளக்கதிர்கள். அவற்றுக்கு அடியில் தோலால் தைத்த ஒரு சின்னச் செருப்பு, ஒற்றைச் செருப்பு. எல்லாவற்றையும் குதிருக்குள் வைத்து, ரோர்க் பிடுங்கிப்போட்ட கற்களையே அவரை எடுத்து அடுக்கி வாசலை அடைக்கவைத்திருக்கிறார் அக்கா. காலிப் பெட்டியில் கல்லை நிரப்பி ஆற்றின் ஆழத்தில் எறிந்தார்கள். திரும்பும்போது ரோர்க், "இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன், நம்புங்க" என்றாராம். அக்கா சொன்னார்: "நம்ப மாட்டேன். வருஷா வருஷம் வந்து பாப்பேன்."

அதுதான் அந்த வசந்தகாலப் பயணம். நாம் தோண்டப் போகிறார் என்று பேசிய பயணம்.

அவர் தனியாகவும் போகவில்லை. ஆற்றின் கிழக்குக் கரை முழுதும் யாருடைய நிலம்? யூட் பழங்குடி மக்களுடையது. அந்தக் குளிர்காலமே அக்கா அவர்கள் ஊருக்கு வண்டி ஓட்டிப் போய், ஒரே ஒருவரிடம் நடந்ததைச் சொன்னார். அவர்தான் திருமதி யுனிஸ் ஹார்ன். இரண்டாவது வரிசையில் நீலச் சால்வையோடு அமர்ந்திருக்கிறார். இன்று காலை அவரிடம் அனுமதி கேட்டேன். "இவ்வளவுதான் சொல்லலாம்" என்றார். அக்காவும் அவரும் ஒவ்வொரு ஆண்டும் சேர்ந்து போய்ப் பார்த்திருக்கிறார்கள். கற்கள் அடுக்கியபடியே இருக்கின்றன. முதல் சில ஆண்டுகள் அவரும் அக்காவை நம்பவில்லையாம். "நானும் அவளும் ஒருத்தர ஒருத்தர் நம்பாமதான் போய்ட்டு வந்தோம். அதான் ரெண்டு பேருமே ஒரு வருஷம்கூடத் தவறல" என்றார்.

அந்த இடம் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிய வேண்டாம். இந்தக் கூட்டம் முடிந்ததும் அக்காவின் வீட்டைக் காலிசெய்யப் போகிறோம். எல்லோரும் வரலாம். ஒவ்வொரு அலமாரியையும் திறந்து பார்க்கலாம். கட்டிலுக்கு அடியிலும் பார்க்கலாம். நான் கேலி பேசவில்லை. அவர் இருந்தால் அவரே அப்படித்தான் சொல்லியிருப்பார்.

அன்பு நண்பர்களே, அவருக்கு நாம் என்ன உறுதி சொல்லப் போகிறோம்? அடுத்த மாதம் பயணக் காலம் தொடங்குகிறது. குடும்பங்கள் வரும். பாட்டிகள் வருவார்கள், கைக்குழந்தைகள் வரும், நீச்சல் தெரியும் என்று சொல்லும் அப்பாக்கள் வருவார்கள். நாம் கட்டிய முடிச்சை நாமே நம்பாமல் மறுபடி இழுத்துப் பார்ப்போம். அமைதியான ஆற்றை நம்ப மாட்டோம். வருகிறவர்களைச் சந்தேகப்படுவோம். ஆனால் எவரையும் அவர் பிள்ளைகளின் முன்னால் கூசவைக்க மாட்டோம். இது நம் உறுதி.

இன்னும் ஒன்று. அதற்கு முன், இந்த வசந்தத்தில் யுனிஸ் அம்மையாரோடு அந்தக் குதிர் வாசலைப் பார்த்துவரப் போக ஆள் வேண்டும். அவர் ஷெல்பியைக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தவனின் மகளையா என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அதே கேள்வியை நானும் கேட்டேன். "அவளையும் நான் நம்பலயே, அதான் பக்கத்துலயே வெச்சுக்கறேன்" என்றார் யுனிஸ் அம்மையார். ஷெல்பி சிரித்தார். பிறகு அழுதார்.

படகை நான் ஓட்டுகிறேன். அவர்கள் கைகாட்டும் கரையில் இருவரையும் இறக்கிவிடுவேன். அவர்கள் ஓடைக்குள் நடந்துபோகும்போது மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அவர்கள் திரும்பி வரும்வரை ஆற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.